கோவைகளுக்கு இடையில்: ரூஸ்வெல்ற் ஆவணங்களின் வாசிப்புப் பற்றி ஒரு நோக்கு

அரச ஆவணங்களை வரலாற்றின் மூலப்பொருள் எனக் கொள்வது மரபு. 'மூலப்பொருள்' என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் உண்டு. நிலத்திலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் தாதுவைப் போல, எவருடைய கையும் படாத நிலையில் ஆவணங்கள் ஆராய்ச்சியாளனை வந்தடைகின்றன என்ற எண்ணத்தை அச்சொல் தோற்றுவிக்கின்றது. உண்மையில் ஆட்சியாளன் ஒருவனின் ஆவணம், எழுதப்படும்போதே ஒருவரை நோக்கி எழுதப்படுகின்றது. பின்னர் ஒருவரால் தெரிந்தெடுக்கப்படுகின்றது. அதன் பின்னர் ஏதோவொரு தலைப்பின்கீழ் அடுக்கப்படுகின்றது. இம்மூன்று செயல்களும் அதன் பொருளைப் பாதிக்கின்றன. இலக்கியப் பிரதி ஒன்றை அணுகுமிடத்து ஆசிரியர் யார், வாசகர் யார், பாடம் எவ்வழியாக வந்துசேர்ந்தது என்று வினவும் திறனாய்வாளன், அரச ஆவணத்தை அணுகுமிடத்து அவ்வினாக்களைக் கைவிடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் சனாதிபதியாக 1933 மார்ச் 4 முதல் 1945 ஏப்பிரல் 12இல் இறக்கும்வரை பதவி வகித்த பிராங்கிளின் டி. ரூஸ்வெல்ற் விட்டுச்சென்ற ஆவணத் தொகுதி இவ்வகை வாசிப்பிற்குப் பெரிதும் இடமளிப்பதாகும். நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் நதியை அண்டிய ஹைட் பார்க் என்னும் ஊரில் அமைந்துள்ள அவரது நூலகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் பேணப்படுகின்றன. உலகப்போர்க் கால இராசதந்திரமும் அதே காலத்து உள்நாட்டு விவகாரங்களும் அங்கு அருகருகே உள்ளன. எனினும் வெவ்வேறு பெட்டிகளில் உள்ளன. இப்பிரிவு அடுக்கும் வசதி கருதியது. அதனை வரலாற்றின் பிரிவாகவே ஏற்றுக்கொண்டமையே ரூஸ்வெல்ற் பற்றிய எழுத்துக்கள் பலவற்றிற் காணப்படும் குறையாகும். ஒரு பெட்டியை மட்டும் திறந்தவர் அடிமைப்பட்ட நாடுகளின் நண்பனைக் கண்டார். மற்றைய பெட்டியை மட்டும் திறந்தவர் வாக்குகளை எண்ணும் அரசியல்வாதியைக் கண்டார். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து, திகதிகளை ஒப்புநோக்கிப் படிக்கும்போதே இருவரும் ஒருவர் என்பதும், அவ்வொருமையின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதும் தெளிவாகின்றன.

1

முதலில் இத்தொகுதி உருவான முறையை நோக்குதல் வேண்டும். அதுவரை அமெரிக்க சனாதிபதிகளின் ஆவணங்கள் அவர்களது சொந்த உடைமையாகவே கருதப்பட்டன. பதவி நீங்குபவர் அவற்றைத் தம்முடன் எடுத்துச் செல்வார். அவரது குடும்பத்தினர் விரும்பினால் பேணுவர், விரும்பாவிடின் அழிய விடுவர். ரூஸ்வெல்ற் இவ்வழக்கத்தை மாற்றினார். தம் ஆவணங்களை நாட்டுக்கு வழங்கும் எண்ணத்தை 1938 டிசெம்பரில் வெளியிட்டார். 1939இல் அமெரிக்கப் பாராளுமன்றமாகிய கொங்கிரஸ் அதற்கு இசைவளித்தது. தனியார் நன்கொடையால் எழுப்பப்பட்ட கட்டடம் 1941 யூன் 30இல் திறந்து வைக்கப்பட்டது. சனாதிபதி நூலகம் என்ற அமைப்பிற்கு இதுவே முன்னோடி. கட்டடத்தின் அமைப்பைக்கூட ரூஸ்வெல்ற் தாமே வரைந்து காட்டினார். அதனுள் தமக்கென ஓர் அறையையும் வைத்துக்கொண்டார்.

வரலாற்றின் மீது இத்துணை அக்கறை கொண்ட ஆட்சியாளர் அரியர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வக்கறையின் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். 1943 யூலை 16ஆந் திகதி நூலகப் பணிப்பாளருக்கு அவர் அனுப்பிய குறிப்பொன்று, தமது தனிப்பட்ட, அந்தரங்கக் கோவைகள் ஹைட் பார்க் செல்லுமுன் அவற்றைத் தாமே பார்வையிட விரும்புவதாகக் கூறுகின்றது. என்றுமே வெளியிடப்படலாகாதவை எவை, குறித்த காலம்வரை முத்திரையிடப்பட வேண்டியவை எவை என்பதைத் தாமே தெரிவதாக அவர் எழுதினார். தமக்கு இயலாது போயின் சாமுவேல் ரோசன்மன், ஹரி ஹொப்கின்ஸ், கிறேஸ் ரலி ஆகிய மூவரும் அதனைச் செய்தல் வேண்டும் என்றும் பணித்தார். மூவரும் அவருக்கு மிக அணுக்கமானோர். அவர் தெரிவைத் தொடங்குமுன் மரணம் முந்திக்கொண்டது. ஆவணங்களின் பெரும்பகுதி 1950இல் ஆராய்ச்சியாளருக்குத் திறக்கப்பட்டது.

இக்குறிப்பிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. ரூஸ்வெல்ற் தமது ஆவணங்களின் ஆசிரியர் மட்டுமன்றி அவற்றின் பதிப்பாசிரியராகவும் இருக்க விரும்பினார். அவரது அமைச்சரவைக் கூட்டங்களுக்கு முறையான கூட்டக் குறிப்புகள் இருக்கவில்லை. அங்கு நிகழ்ந்தவற்றை அறிவதற்குப் போர்ச் செயலாளர் ஹென்றி ஸ்ரிம்சன், உள்நாட்டுச் செயலாளர் ஹரல்ட் இக்கிஸ், திறைசேரிச் செயலாளர் ஹென்றி மோர்கென்தோ ஆகியோர் பேணி வைத்த நாட்குறிப்புகளையே நாடவேண்டியுள்ளது. 1942 தொடக்கத்தில் வெள்ளை மாளிகையில் அமைக்கப்பட்ட நிலப்பட அறையின் வழக்கமும் கருதத்தக்கது. சேர்ச்சில், ஸ்ராலின், சியாங் கை ஷெக் ஆகியோருடனான செய்திகள் யாவும் அவ்வறையின் வழியே சென்றன. வெளிச்செல்லும் செய்திகள் ஒரு படைத்துறையின் ஊடாகவும், உள்வருபவை மற்றொரு படைத்துறையின் ஊடாகவும் அனுப்பப்பட்டன. வினாவும் விடையும் முழுமையாக ஓரிடத்தில் இருந்தனவெனில் அவ்விடம் வெள்ளை மாளிகையே. முழுமையான கோவை ஒருவரிடமே இருக்குமாறு பார்த்துக்கொள்வதும் அதிகாரத்தின் ஒரு வடிவமாகும்.

2

இவ்வாறு உருவான தொகுதியின் நடுநாயகமாக விளங்குவது 'சனாதிபதியின் செயலாளர் கோவை' எனப்படும் பகுதி. அவரது தனிச் செயலாளர்கள் தம் கைவசம் வைத்திருந்தவை இவை. பெட்டகக் கோவை, அந்தரங்கக் கோவை, இராசதந்திரக் கடிதத் தொடர்பு, திணைக்களக் கடிதத் தொடர்பு, விடயக் கோவை என அது ஐந்தாக வகுக்கப்பட்டுள்ளது. இந்தியா பற்றிய தாள்கள் இராசதந்திரப் பகுதியில், நாட்டின் பெயரின்கீழ் உள்ளன. யப்பானிய வம்சாவழி அமெரிக்கர் பற்றியவையோ பிற பகுதிகளிலும், வெள்ளை மாளிகையின் பொது உத்தியோகக் கோவையிலும் சிதறிக் கிடக்கின்றன. உலகப் புகழ்பெற்ற கடிதத் தொடர்பு ஒன்றிற்குத் தனிப்பெட்டி வாய்த்தது. குடிமக்களின் முறையீடு பல பெட்டிகளில் உதிர்ந்தது.

அச்சேறிய நூல்களும் பெரும்பாலும் இப்பகுப்பையே பின்பற்றின. ஹொப்கின்சின் தாள்களைத் துணைக்கொண்டு றொபேட் ஷேர்வுட் எழுதி 1948இல் வெளிவந்த 'ரூஸ்வெல்ற்றும் ஹொப்கின்சும்' என்ற நூல், போரைத் தலைவர்களின் தூதுகளாகவும் சந்திப்புகளாகவும் காட்டிற்று. வொறன் கிம்போல் பதிப்பித்து 1984இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ரூஸ்வெல்ற் - சேர்ச்சில் கடிதத் தொடர்பு, பதிப்புப் பணியின் சிறந்த எடுத்துக்காட்டு. செய்திகளின் சூழலைக் குறிப்புகளால் விளக்கி, இரு தலைவர்களிடையே நட்பும் நலமுரண்பாடும் ஒருங்கே இயங்கியதை அது நிறுவியது. ஆயினும் இருவர் உரையாடலாகத் தொகுக்கப்பட்ட நூலில் மூன்றாமவரின் குரலுக்கு இடம் குறைவு. இது பதிப்பாசிரியரின் குற்றமன்று, வகைமையின் எல்லை. அவ்வெல்லையை உணராது, இத்தகைய தொகுப்புகளை ரூஸ்வெல்ற்றின் போர்க்காலம் முழுவதற்கும் சான்றாகக் கொள்ளும் வாசகரே தவறுகின்றனர்.

3

1942 பெப்ரவரி மாதத்தை எடுத்துக்கொள்வோமாயின் இது புலப்படும். அம்மாதம் 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. 19ஆந் திகதி ரூஸ்வெல்ற் 9066ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளையில் ஒப்பமிட்டார். அதன் விளைவாக மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வம்சாவழியினர் ஏறத்தாழ 120,000 பேர் வீடும் தொழிலும் நிலமும் இழந்து உள்நாட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிகள். நான்கு நாட்கள் கழித்து, 23ஆந் திகதி, மக்கள் நிலப்படங்களை முன்வைத்துக் கேட்குமாறு வேண்டிய வானொலி உரையிலே, அத்திலாந்திக் சாசனம் அத்திலாந்திக் கரைநாடுகளுக்கு மாத்திரமன்றி முழு உலகிற்கும் பொருந்தும் என ரூஸ்வெல்ற் அறிவித்தார். அச்சாசனத்தின் மூன்றாம் பிரிவு இந்தியா, பர்மா முதலியவற்றைக் கருதியதன்று எனச் சேர்ச்சில் 1941 செப்ரெம்பரிற் கூறியிருந்தமையால், இவ்வுரை ஆசிய நாடுகளில் பெரும் எதிர்பார்ப்பைத் தூண்டியது.

மார்ச் 10ஆந் திகதி அவர் சேர்ச்சிலுக்கு எழுதிய மடல் இராசதந்திரக் கோவையின் முக்கிய தாள்களுள் ஒன்று. 1783 முதல் 1789 வரை அமெரிக்க மாநிலங்கள் தற்காலிக அரசொன்றின்கீழ் இயங்கித் தம் அரசியலமைப்பைக் கண்டடைந்தன என்பதை நினைவூட்டி, இந்தியாவிலும் அத்தகைய இடைக்கால அரசொன்றை அமைக்கலாம் என அவர் ஆலோசனை கூறினார். அதே மடலில், இது தமது அலுவலன்று என்றும் எழுதிக்கொண்டார். கிறிப்ஸ் தூதுக்குழு டில்லியிற் பேசிக்கொண்டிருந்த நாட்களில் யப்பானியக் கடற்படை இந்து சமுத்திரத்தினுள் புகுந்தது. ஏப்பிரல் 5இல் கொழும்பும், 9இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. இலங்கைக் கரையில் விழுந்த குண்டுகள் வாசிங்ரனின் இந்தியக் கவலைக்கு உடனடித்தன்மையைக் கொடுத்தன. பேச்சு முறிந்ததும் ஏப்பிரல் 11ஆந் திகதி, கிறிப்சின் புறப்பாட்டைத் தாமதித்து மீண்டும் முயலுமாறு ரூஸ்வெல்ற் சேர்ச்சிலைக் கேட்டார். சேர்ச்சில் மறுத்தார். ரூஸ்வெல்ற் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இம்மடல்களை மட்டும் படிப்பவர், ஏகாதிபத்தியத்தின் முன் நின்று வாதாடிய மக்களாட்சியாளரைக் காண்பார். அதே வாரங்களில் மற்றைய பெட்டி கூறுவது வேறு. ரூஸ்வெல்ற்றுக்காகத் தனிப்பட்ட முறையில் தகவல் திரட்டிய ஜோன் பிராங்கிளின் காட்டரின் கோவையில், கேட்டிஸ் மன்சன் என்பார் 1941 நவம்பரில் அளித்த அறிக்கை உள்ளது. மேற்குக் கரை யப்பானியருட் பெரும்பான்மையோர் நாட்டுப்பற்றுடையோர் என்பதே அதன் சாரம். சட்டமா அதிபர் பிரான்சிஸ் பிடில் 1942 பெப்ரவரி 17இலும் கூட்டு வெளியேற்றத்திற்கு எதிராக எழுதினார். ஆகவே சனாதிபதிக்கு உண்மை தெரிந்திருக்கவில்லை என்ற வாதத்திற்கு அவரது பெட்டியே மறுப்பாக உள்ளது. தீர்மானம் எங்கு எடுக்கப்பட்டது? பெப்ரவரி 11ஆந் திகதி ஸ்ரிம்சனுடன் நிகழ்ந்த ஒரு தொலைபேசி உரையாடலில். அவ்வுரையாடலின் செய்தி ஸ்ரிம்சனின் நாட்குறிப்பிற் கிடைக்கின்றது. எச்சரிக்கைகள் தாளில் வந்தன. இசைவு கம்பி வழியே சென்றது. பெருந்தீர்மானங்கள் தாளின்றி எடுக்கப்படக்கூடியவை என்பதை உணராத வாசகன், தாள் இல்லாத இடத்தில் தீர்மானமும் இல்லை என்று கருதிவிடுவான்.

4

இரு பெட்டிகளுக்கும் இடையே நின்ற சுவரை அக்காலத்திலேயே ஒருவர் தட்டிப் பார்த்தார். காந்தி 1942 யூலை 1ஆந் திகதி சேவாகிராமத்திலிருந்து ரூஸ்வெல்ற்றுக்கு எழுதிய மடலை அமெரிக்க எழுத்தாளர் லூயி பிஷர் கொண்டு சென்றார். தோரோவின் எழுத்துக்களுக்குத் தாம் கடன்பட்டிருப்பதைக் கூறித் தொடங்கும் அம்மடல் மிகுந்த மரியாதையுடன் ஒரு கூரிய வாதத்தை முன்வைத்தது. இந்தியாவும் ஆபிரிக்காவும் பிரித்தானியாவாற் சுரண்டப்படும்வரை, அமெரிக்கா தன் சொந்த வீட்டிலேயே கறுப்பின மக்களின் பிரச்சினையை வைத்திருக்கும்வரை, நேச நாடுகள் சுதந்திரத்திற்காகப் போரிடுகின்றன என்ற பிரகடனம் வெறுமையாகவே ஒலிக்கும் என்பது அவ்வாதம். சுதந்திர இந்தியா செய்யும் உடன்படிக்கையின்படி நேசப் படைகள் இந்திய மண்ணில் நிற்பதற்கு ஆட்சேபம் இல்லை என்றும் அவர் எழுதினார்.

ஓகஸ்ற் 1ஆந் திகதியிட்ட பதில் பண்பானது. பொது எதிரிக்கு எதிரான பொது முயற்சியில் நம்பிக்கை தெரிவித்து, வெளிவிவகாரச் செயலாளரின் உரையொன்றையும் இணைத்திருந்தது. 'சொந்த வீடு' பற்றிய வாக்கியத்திற்கு அதில் விடை இல்லை. எட்டு நாட்களில் காந்தி சிறை புகுந்தார். அம்மடல் இராசதந்திரக் கடிதமாக, இந்தியாவின் பெயரின்கீழ் அடுக்கப்பட்டது. அதன் உள்ளடக்கமோ அமெரிக்க உள்நாட்டு விவகாரத்தையும் தொட்டது. ஒரு வாதத்தை மறுக்காமலே வலுவிழக்கச் செய்யும் வழிகளில், அதனைப் பொருந்தாத தலைப்பின்கீழ் வைப்பதும் ஒன்று.

காந்தி தொட்ட பிரச்சினையின் மெய்யான குரலைக் கேட்க விரும்புவோர் தாள்களை விட்டு ஒலிப்பதிவுக்குச் செல்லுதல் வேண்டும். பத்திரிகையாளர் சந்திப்புகளைப் பதிவு செய்வதற்கென 1940இல் வெள்ளை மாளிகையில் இரகசியமாக அமைக்கப்பட்ட இயந்திரம் வேறு சில உரையாடல்களையும் பதிவு செய்தது. வரலாற்றாசிரியர் பியூற்றோ 1978இல் இவற்றைக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று 1940 செப்ரெம்பர் 27ஆந் திகதிக்குரியது. ஏ. பிலிப் ரண்டோல்ப், வால்ரர் வைற், ஆர்னோல்ட் ஹில் ஆகிய கறுப்பினத் தலைவர்கள், படைகளில் நிலவிய இனப் பாகுபாட்டை நீக்குமாறு சனாதிபதியை வேண்டுகின்றனர். ரூஸ்வெல்ற் இனிமையாகப் பேசுகின்றார். கப்பல்களில் நல்ல கறுப்பின இசைக்குழுக்களை அமர்த்தலாம் என்று ஓர் யோசனையும் கூறுகின்றார். ஒக்ரோபர் 9ஆந் திகதி வெளியான அறிக்கை, இனவாரியாகப் படைகளைப் பிரிக்கும் கொள்கை தொடரும் என்றது. வந்துபோன தலைவர்களும் அதற்கு உடன்பட்டனர் என்ற தோற்றத்தைப் பத்திரிகைச் செயலாளர் ஏற்படுத்தினார். அவர்கள் கொதித்தெழுந்தனர்.

ஒலிப்பதிவையும் அறிக்கையையும் அருகருகே வைத்தால், வேண்டுகோளாகப் பேசப்பட்டது உடன்பாடாக எழுதப்பட்ட வழி தெரிகின்றது. இனிய பேச்சாற் பெறாததை ரண்டோல்ப் ஒழுங்கமைப்பாற் பெற்றார். 1941 யூலை 1ஆந் திகதி தலைநகரை நோக்கிப் பேரணி நடத்தப்படும் என அவர் அறிவித்தார்; யூன் 25ஆந் திகதி பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் 8802ஆம் இலக்கக் கட்டளை பிறந்தது. படைகளின் பாகுபாட்டை ஒழிக்கும் கட்டளை 1948இல் ற்றூமன் காலத்திலேதான் வந்தது. 8802ஐச் சனாதிபதியின் கொடையாகக் காட்டும் நூல்கள் கட்டளையைப் படித்தவை. அதன் முன்னிருந்த ஒன்பது மாதங்களைப் படிக்காதவை.

5

தாள்களை இணைத்துப் படித்தல் ஓர் ஆராய்ச்சி முறை மாத்திரமன்று. சில வேளைகளில் மனித உயிர்கள் அதனைச் சார்ந்திருந்தன. 1943 பெப்ரவரி 10ஆந் திகதி அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் சுவிற்சர்லாந்திலிருந்த தன் தூதரகத்திற்கு ஒரு தந்தி அனுப்பியது. தனிப்பட்டோருக்கான செய்திகளை அசாதாரணமான சூழ்நிலைகளிலன்றி இனி அனுப்பவேண்டாம் என்பது அதன் பொருள். தனித்துப் படிப்பவருக்கு அது வெறும் அலுவலக ஒழுங்கு. ஆனால் அத்தந்தி முந்திய தந்தியொன்றை இலக்கமிட்டுக் குறித்தது. யனவரி 21ஆந் திகதிய அம்முந்திய தந்தி யூதர் கொன்றொழிக்கப்படுதல் பற்றிய செய்தியைத் தாங்கி வந்ததாகும். திறைசேரி அதிகாரிகள் பிரதி கேட்டபோது, அவ்விலக்கக் குறிப்பு நீக்கப்பட்ட பிரதியே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. நீக்கப்பட்டது ஒரே வரி. அவ்வொரு வரியே இரு தாள்களையும் பிணைத்த நூல். திறைசேரியைச் சேர்ந்த இளம் சட்டவறிஞர்கள் அந்நூலை மீளக் கண்டனர். அவர்களது அறிக்கையின் அடிப்படையில் மோர்கென்தோ 1944 யனவரி 16ஆந் திகதி ரூஸ்வெல்ற்றைச் சந்தித்தார். ஆறு நாட்களின் பின் போர் அகதிகள் சபை நிறுவப்பட்டது. ஏறத்தாழ ஒரு வருடம் இழக்கப்பட்டிருந்தது. ஒரு தந்தியை அதன் துணைத் தந்தியுடன் படிப்பதற்கும் படியாமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு எத்தகையது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

1944 நடுப்பகுதித் தாள்கள் இவ்வாய்விற்கு இன்னொரு பரிமாணத்தைத் தருகின்றன. வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட பின், இந்தியாவிற்குக் கோதுமை ஏற்றக் கப்பல் தருமாறு சேர்ச்சில் ஏப்பிரல் இறுதியில் கேட்டிருந்தார். யூன் 1ஆந் திகதி ரூஸ்வெல்ற் இராணுவக் காரணங்களைக் காட்டி மறுத்தார். அதற்கு ஒரு வாரம் முன்னர், மே 26ஆந் திகதி அமைச்சரவையிலே, யப்பானிய வம்சாவழியினரை மேற்குக் கரையிலிருந்து விலக்கி வைப்பதற்கு இராணுவத் தேவை எதுவும் இனி இல்லை என ஸ்ரிம்சன் கூறினார். இக்கிஸ் யூன் 2இல் அவர்களை விடுவிக்குமாறு எழுதினார். யூன் 12ஆந் திகதிக் குறிப்பில் ரூஸ்வெல்ற் அதற்கு உடன்படவில்லை. திடீர் நடவடிக்கை தவறாகும். உள்நாட்டு அமைதி பேணப்படவேண்டும். மாவட்டத்திற்கு ஒன்றிரண்டு குடும்பங்களாக நாடெங்கும் பரப்பலாம் என்பன அவர் கருத்துக்கள். நவம்பர் 7இல் தேர்தல் நடந்தது. விலக்கற் கட்டளை டிசெம்பர் 17இல் நீக்கப்பட்டது. மறுநாள் உயர் நீதிமன்றமும், நாட்டுப்பற்று ஐயத்திற்கு அப்பாற்பட்ட குடிமகளைத் தடுத்துவைக்க அதிகாரமில்லை எனத் தீர்த்தது.

இரு கோவைகளிலும் 'இராணுவத் தேவை' என்ற சொற்றொடரே ஆட்சி செய்கின்றது. அதனை எல்லா இடங்களிலும் பொய்யெனத் தள்ளுவது நேர்மையாகாது. நோர்மண்டித் தரையிறக்கத்திற்கு ஐந்து நாட்கள் இருந்தபோது கப்பற் பற்றாக்குறை மெய்யானதே. பசித்தோருக்கு முன் அம்மெய் எத்துணை கொடியதாயினும், அதில் ஒரு கணக்கு இருந்தது. மாறாக, முகாம்களைப் பொறுத்தவரை, போர்ச் செயலாளரே தேவை இல்லை என்று கூறிய பின்னரும் ஆறு மாதங்கள் கழிந்தன. ஒரே சொல் ஓரிடத்தில் இடுக்கணையும் மற்றோரிடத்தில் சாட்டையும் குறித்தது. இவ்வேறுபாட்டை அச்சொல் வரும் தாள் காட்டுவதில்லை. அதனை அடுத்துள்ள தாளே காட்டுகின்றது.

6

இவ்வாசிப்பிற்கு இரு தரப்பினரிடமிருந்து மறுப்பு எழக்கூடும். போர்க்காலத் தலைவனை அமைதிக்கால அளவுகோலால் அளப்பது முறையன்று என்பர் ஒரு சாரார். இங்கு எடுத்தாளப்பட்ட அளவுகோல் பிற்காலத்ததன்று. பிடிலும் மன்சனும் இக்கிஸ்சும் ரண்டோல்ப்பும் காந்தியும் ரூஸ்வெல்ற்றின் காலத்தவரே. அவர்களது எழுத்துக்களிற் பல அவர் மேசைக்கு வந்தவையே. அவர் பரப்பிய அத்திலாந்திக் சாசனமும் அவரது காலத்து அளவுகோல்தான். மறு சாராரோ, ஆட்சியாளனின் ஆவணங்கள் ஆளும் வர்க்கத்தின் தற்புகழ்ச்சி. அவற்றை அலசுவதால் ஆவது ஒன்றுமில்லை என்பர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. 9066இற்கு எதிரான வாதங்களிற் பல அவ்வாவணங்களுக்குள்ளேயே கிடைக்கின்றன. கிரேக் ரொபின்சன் 2001இல் வெளியிட்ட 'சனாதிபதியின் கட்டளைப்படி' என்ற ஆய்வு, அரச ஆவணங்களைக் கொண்டே அரசனைக் கூண்டிலேற்ற முடியும் என்பதைக் காட்டியது. கொங்கிரஸ் நியமித்த ஆணைக்குழு 1980களின் தொடக்கத்தில் ஆவணங்களையும் பாதிக்கப்பட்டோரின் வாய்மொழியையும் ஒருங்கே ஆராய்ந்து, இனத் துவேசம், போர் வெறி, அரசியற் தலைமையின் தவறு ஆகிய மூன்றுமே அவ்வநீதியின் காரணங்கள் என முடிவு செய்தது. 1988இற் சட்டமூலம் மன்னிப்பும், உயிருடனிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடும் வழங்கப்பட்டன. தாளின்றி நீதி பிறந்திருத்தல் அரிது. தாளுக்கு வெளியேயிருந்த மக்கள் நாற்பது ஆண்டுகள் போராடாவிடில் தாளும் பேசியிராது.

ஆதலின் ஆவணங்கள் யாருடைய உடைமை என்பது சட்ட நுணுக்கம் பற்றிய வினா மாத்திரமன்று. ரூஸ்வெல்ற் தாமாக வழங்கினார். அவருக்குப் பின் வந்த நிக்சன் தம் ஒலிநாடாக்களைத் தம்வசம் வைத்துக்கொள்ள முயன்றபோது, 1974இல் அவற்றைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1978ஆம் ஆண்டுச் சட்டம், 1981 முதல் பதவியேற்கும் சனாதிபதிகளின் பதவிக்கால ஆவணங்கள் நாட்டின் உடைமை என விதித்தது. கொடையாகத் தொடங்கியது கடமையாக மாறியமை மக்களாட்சி வரலாற்றில் ஒரு முன்னேற்றமே. கொடையளிப்பவன் எதைக் கொடுப்பது என்று தெரிவான். கடமைப்பட்டவனுக்கு அவ்வுரிமை இல்லை.

இன்று ரூஸ்வெல்ற் நூலகத்தின் ஆவணங்களில் ஒரு பகுதி 2013 முதல் கணினி வழியே எந்நாட்டவருக்கும் எட்டுகின்றது. ஹைட் பார்க் செல்ல இயலாத கீழைத்தேய மாணவனும் 1942ஆம் ஆண்டின் மடல்களைத் திரையிற் காணலாம். இவ்வசதி பெரிது, ஆயின் திரையிலும் கோவைகள் கோவைகளாகவே தோன்றுகின்றன. இந்தியா ஒரு தலைப்பு. முகாம்கள் வேறொரு தலைப்பு. 1940இன் ஒலிப்பதிவு மற்றுமொரு தலைப்பு. பெப்ரவரி 19உம் பெப்ரவரி 23உம் ஒரே கையின் செயல்கள் என்பதை எந்த அட்டவணையும் தானாகக் கூறாது. அதனைக் கூறுவது வாசகனின் பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்பவனுக்கே அவ்வாவணங்கள், எழுதியவர் விரும்பியதற்கும் அப்பால், எழுதப்படாதவர்களின் வரலாற்றையும் தரும்.